ஏற்றுமதியில் பழுத்தவர்கள் இலவசமாக வழிகாட்டுகிறார்களாம்: அடக்க விலையைக் காட்டலாமா?

நார்க்களம் (பொள்ளாச்சி)

வணக்கம். ஆனைமலை பக்கம் களம் வைத்திருக்கிறோம். தேங்காய் மட்டையிலிருந்து மஞ்சி (நார்) பிரித்தபின் மிஞ்சும் பித்தை, அதாவது நார்த்தூளைக் கழுவி, காயவைத்து, 5 கிலோ கட்டியாக அழுத்திக் கொடுக்கிறோம். எங்கள் சரக்கு வெளிநாடு போகாமல் இல்லை. மெர்ச்சன்ட் எக்ஸ்போர்ட்டர் ஒருவர் பெயரில் போகிறது. நமக்கு டன்னுக்கு இவ்வளவு என்று ஒரு விலை, அதோடு சரி. யாருக்குப் போகிறது, என்ன விலைக்குப் போகிறது, ஒன்றும் தெரியாது. இப்போது ஐ.இ.சி. (ஏற்றுமதி-இறக்குமதிக்கான குறியீட்டு எண்) எடுத்துவிட்டேன், காயர் போர்டு பதிவும் முடிந்தது. நெதர்லாந்திலிருந்து ஒரு விசாரணையும் வந்திருக்கிறது.

கோவையில் ஒரு தொழில் அமைப்பில், ஏற்றுமதி பண்ணி அனுபவப்பட்டவர்கள் சேர்ந்து எங்களை மாதிரி சின்ன ஆட்களுக்குக் காசு வாங்காமல் வழி சொல்கிறார்கள். பம்ப் கம்பெனி முதலாளி, ஓய்வு பெற்ற பேங்க் அதிகாரி, நூல் மில்காரர் ஒருவர். அப்புறம் எங்கள் நார்த் தொழிலிலேயே பெரிய ஏற்றுமதியாளர் ஒருவரும் இருக்கிறார். வரும்போது அடக்க விலைக் கணக்கையும் வந்த மெயில்களையும் எடுத்துவரச் சொல்கிறார்கள். அங்கேதான் இடிக்கிறது. நம் அடக்க விலை தெரிந்தவர் நாளைக்கு நமக்கே போட்டியாக விலை சொல்ல மாட்டாரா? அப்பா போகவே வேண்டாம் என்கிறார். இங்கே யாராவது இப்படிப் போயிருக்கிறீர்களா?

கரூர்த் தறி

அப்பா சொல்வதைக் கேளுங்கள் தம்பி.

எங்கள் ஊரில் ஒருவர் கிச்சன் துண்டு, மேஜை விரிப்பு நெய்து கொடுத்துக்கொண்டிருந்தார். முதல் முறையாக ஜெர்மனியிலிருந்து நேர் விசாரணை வந்தது. இதே மாதிரி ஒரு பெரியவரிடம் மெயிலைக் காட்டினார். பெரியவர் தங்கமானவர், பொறுமையாக உட்கார்ந்து பதில் எழுதிக் கொடுத்தார். ஆனால் அடுத்த சீசனில் அந்த ஜெர்மன்காரருக்குச் சரக்கு போனது பெரியவருடைய மைத்துனர் கம்பெனியிலிருந்து. பெரியவருக்குத் தெரிந்து நடந்ததா, தெரியாமல் நடந்ததா என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். சும்மா கிடைக்கிற ஆலோசனைக்கு யாரோ ஒருவர் காசு கொடுத்துக்கொண்டுதான் இருப்பார்.

பழைய ஃபாரெக்ஸ் (மதுரை)

நானும் அந்த ரகம்தான். பேங்கில் அன்னியச் செலாவணிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது மதுரையில் ஒரு சங்கத்தில் சின்ன ஏற்றுமதியாளர்களோடு உட்காருகிறேன். சம்பளம் கிடையாது, காபி உண்டு.

கரூர்க்காரர் சொன்னது நடக்காத விஷயம் இல்லை. ஆனால் எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் தப்பான உதவியைத்தான் கேட்கிறார்கள். "ஒரு நல்ல பையர் பிடித்துக் கொடுங்கள் சார்." அது எங்கள் வேலை இல்லை, எங்களால் ஆகவும் ஆகாது. நாங்கள் செய்யக்கூடியது, போகக் கூடாத சரக்கைப் போகவிடாமல் நிறுத்துவது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். வத்தல், மசாலா சாமான் அனுப்புகிற ஒரு பையன் எல்.சி. (ஆவணங்களைக் காட்டினால் பணம் தருவதாக வாங்குபவரின் பேங்க் தரும் உறுதிக் கடிதம்) வந்துவிட்டது என்று சிரித்த முகத்தோடு வந்தான். பெரிய பேங்க், திரும்பப் பெற முடியாத எல்.சி., தொகையும் சரியாக இருந்தது. நான் 46ஏ பகுதிக்குப் போனேன். என்னென்ன ஆவணம் கொடுக்க வேண்டும் என்று வரிசையாகப் போட்டிருக்கும் இடம் அதுதான். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங், எல்லாம் வழக்கமானவை. கடைசியில் ஒரு வரி: வாங்குபவரின் பிரதிநிதி கையெழுத்திட்ட ஆய்வுச் சான்றிதழ், அந்தக் கையெழுத்து எல்.சி. திறந்த பேங்கில் இருக்கும் மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போக வேண்டும். சரக்கை ஏற்றிய பிறகு அந்தப் பிரதிநிதி ஃபோனை எடுக்கவில்லை என்றால்? பேங்க் மிளகாயைப் பார்க்காது, தாளைத்தான் பார்க்கும். எல்.சி.க்கான சர்வதேச விதித் தொகுப்பான யூ.சி.பி. 600 சொல்வதே அதுதான். ஒரு தாள் குறைந்தால் பணம் நிற்கும். சரக்கு வாங்குகிறவன் ஊர்த் துறைமுகத்தில் வாடகை ஏறிக்கொண்டு கிடக்கும். அப்போது அவன் ஃபோன் செய்து பாதி விலை கேட்பான்.

அந்த வரியை எடுக்கச் சொல்லித் திருத்தம் கேட்கச் சொன்னேன். வாங்குபவர் மறுத்தார். பையன் சரக்கை ஏற்றவில்லை. என் பங்கு அவ்வளவுதான்.

நார்க்களம், உங்கள் கேள்விக்கு நேர் பதில்: போங்கள், ஆனால் உங்கள் தொழில்காரர் முன்னால் கணக்கைப் பிரிக்காதீர்கள். பம்ப் முதலாளியிடம் காட்டுங்கள். பித் டன் என்ன விலை என்று தெரிந்து அவர் என்ன செய்யப்போகிறார்? வேறு தொழில்காரரிடம்தான் மனம் விட்டுப் பேச முடியும். எல்.சி., இன்சூரன்ஸ், கன்டெய்னர், ஏஜென்ட் கமிஷன் எல்லாம் பம்ப்புக்கும் பித்துக்கும் ஒன்றுதான்.

ஈரோடு மஞ்சள்

பேங்க் சார் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பெண்கள் போனால் முதல் சந்திப்பில் பாதி நேரம் வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் பதில் சொல்வார்கள். கேள்வி கேட்டது நான், கம்பெனி என் பெயரில், அவர் கார் ஓட்டிக்கொண்டு வந்தவர்! அடுத்த முறை அவரை வெளியே டீ குடிக்க அனுப்பிவிட்டேன், அப்புறம் பேச்சு சரியாக நடந்தது.

ஆனாலும் பலன் இருந்தது. நான் எடுத்த எடுப்பில் ஐரோப்பாவுக்கு மஞ்சள் தூள் அனுப்பக் கிளம்பினேன். அங்கே இருந்த ஒரு இயந்திரத் தொழில்காரர், மஞ்சளைப் பற்றி ஒன்றும் தெரியாதவர், ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "திருப்பி அனுப்பினால் அந்த நஷ்டத்தைத் தாங்குவீங்களா?" தூள் என்றால் ஈயம், சாயம், பூச்சிமருந்து மிச்சம், எத்திலீன் ஆக்சைடு என்று ஒவ்வொன்றுக்கும் சோதனை அறிக்கை கேட்பார்கள். பல தோட்டத்து மஞ்சள் கலந்து அரைத்தால் எந்த மூட்டையில் பிரச்சினை என்று கண்டுபிடிக்கவும் முடியாது. விரலி மஞ்சளாகச் சிங்கப்பூருக்குச் சின்ன அளவில் தொடங்கினேன். அந்தக் கேள்விக்குக் காசு கொடுக்கச் சொல்லியிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

துறைமுகத்துப் பையன் (தூத்துக்குடி)

கஸ்டம்ஸ் கிளியரிங்கில் இருக்கிறேன். பெரியவர்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் அவர்கள் மனதில் இருக்கிற சட்டம் அவர்கள் கடைசியாக ஷிப்பிங் பில் போட்ட வருடத்துச் சட்டம்.

ஒரு பார்ட்டி விலை போட்டுக்கொண்டு வந்தார். அதில் எம்.இ.ஐ.எஸ். என்ற அரசு ஏற்றுமதிச் சலுகை இத்தனை சதவீதம் திரும்ப வரும் என்று கழித்திருந்தார். வழிகாட்டி ஐயா சொன்னாராம். அந்தத் திட்டம் 2020 கடைசியோடு போய்விட்டது. 2021 ஜனவரியிலிருந்து ரோடெப் திட்டம், விகிதமும் குறைவு. இன்னொருவர் அமெரிக்காவுக்கு ஜி.எஸ்.பி. வரிச்சலுகை இருக்கிறது என்று பையருக்கே மெயில் போட்டுவிட்டார். இந்தியாவுக்கு அது 2019 ஜூனிலேயே நிறுத்தியாயிற்று. பையர் சிரித்திருப்பார்.

பையர் குணத்தைப் பற்றிப் பெரியவரிடம் கேளுங்கள், சலுகை விகிதத்தைப் பற்றி எங்களிடம் கேளுங்கள்.

பழைய ஃபாரெக்ஸ்

தம்பி, அடித்தாலும் சரியான இடத்தில் அடிக்கிறாய். ஒத்துக்கொள்கிறேன்.

கிளீவ்லாந்து வாசி

ஒஹாயோவில் வால்வு பாகம் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறேன். இதே ஏற்பாடு இங்கே அரசாங்க முத்திரையோடு நடக்கிறது, சொன்னால் உபயோகப்படும்.

இங்கே மாவட்ட ஏற்றுமதிக் குழுக்கள் என்று நாடு முழுக்க சுமார் 60 இருக்கின்றன, எங்கள் மாநிலத்திலேயே வடக்குக்கு ஒன்று, தெற்குக்கு ஒன்று. உறுப்பினர்களை வர்த்தக அமைச்சரே நியமிக்கிறார். பதவிக்காலம் நான்கு வருடம், சம்பளம் கிடையாது. ஆலை முதலாளி, பேங்கர், சரக்கு அனுப்புகிற ஃபார்வர்டர், வக்கீல், பேராசிரியர் என்று கலந்துகட்டி இருப்பார்கள். பக்கத்திலேயே வர்த்தகத் துறையின் ஏற்றுமதி உதவி அலுவலகம் இருக்கும். வெளிநாட்டுத் தூதரகத்தில் இருக்கிற ஆட்கள் மூலம் பையரைத் தேடி, சந்திப்பு ஏற்பாடு செய்து தருவது அந்த அலுவலகத்தின் வேலை. "கோல்டு கீ" என்று பெயர், அதற்குக் கட்டணம் உண்டு. தன்னார்வலர்கள் அந்தப் பக்கமே போவதில்லை. பையர் பிடித்துக் கொடுப்பது ஒரு கை, புத்தி சொல்வது இன்னொரு கை. கரூர்க்காரர் சொன்ன மைத்துனர் கதை இங்கே குறைவாக நடப்பதற்கு நல்ல மனசு காரணமில்லை, இந்தப் பிரிவினைதான் காரணம் என்று நினைக்கிறேன்.

எங்கள் கம்பெனி போனது எக்ஸ்போர்டெக் என்ற திட்டத்துக்கு. ஒரு தடவைக்கு நான்கிலிருந்து எட்டுக் கம்பெனிகள்தான் சேர்க்கிறார்கள். மூன்று அமர்வு, கிட்டத்தட்ட மூன்று மாதம். கடைசி நாளில் ஒவ்வொரு கம்பெனியும் தன் ஏற்றுமதித் திட்டத்தை அனுபவசாலிகள் முன்னால் எடுத்துவைக்க வேண்டும். எங்கள் முதலாளி ஏழெட்டு நாடு பட்டியல் போட்டுக்கொண்டு போனார். எதிரே இருந்தவர் "இதில் எந்த நாட்டுக்கு நீங்கள் நேரில் போவீர்கள்?" என்று கேட்டார். பட்டியல் மெக்சிகோ, கனடா என்று சுருங்கியது.

குறையும் உண்டு. விசிட்டிங் கார்டு கொடுக்கவே குழுவில் சேருகிற ஃபார்வர்டர்களும் வக்கீல்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நீங்கள் வாடிக்கையாளராகத்தான் தெரிவீர்கள்.

கரூர்த் தறி

அமெரிக்காவில் அமைச்சர் நியமிக்கிறார். இங்கே யார் நியமித்தார்கள்? சங்கத் தேர்தலில் நிற்கிற நினைப்பு இருப்பவர்தான் முதல் ஆளாகத் தன்னார்வலர் ஆகிறார்.

கிளீவ்லாந்து வாசி

அங்கேயும் கலெக்டர் தலைமையில் மாவட்ட ஏற்றுமதி ஊக்குவிப்புக் குழு இருக்கிறதே. 2023 வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையில் அதற்குத் தனி அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார்கள்.

கரூர்த் தறி

இருக்கிறது. கூட்டம் நடக்கிறது, போட்டோவும் வருகிறது. நெய்கிறவன் போய்க் கேள்வி கேட்கிற இடமாக அது இன்னும் ஆகவில்லை, அவ்வளவுதான் சொல்வேன்.

பின்னல் தூசி (திருப்பூர்)

கொஞ்சம் லேட்டாக வருகிறேன். "உங்கள் தொழில்காரரிடம் காட்டாதீர்கள்" என்று மதுரை சார் சொன்னதை நான் ஏற்கமாட்டேன். அப்படி இருந்திருந்தால் திருப்பூரே இல்லை.

எங்கள் ஊர் ஏற்றுமதி தொடங்கியதே 1970களின் கடைசியில்தான், இத்தாலியிலிருந்து ஆள் வந்து வெள்ளை டி-ஷர்ட் கேட்டபோது. அதுவரை பனியன் ஊர். சங்கம் 1990ல் வந்தது. நிறுவனத் தலைவர் சக்திவேல் ஏற்றுமதியாளர்தான், சங்கத்தில் இருந்த அத்தனை பேரும் ஒருவருக்கொருவர் போட்டிக்காரர்கள்தான். அப்படியும் சின்னவன் பெரியவனிடம் கற்றான். வகுப்பு எடுத்து யாரும் சொல்லித் தரவில்லை. ஒருவனுக்கு வந்த ஆர்டரை ஒருவனால் முடிக்க முடியாது. நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், பிரிண்டிங், எம்பிராய்டரி, செக்கிங், பேக்கிங் எல்லாம் வெவ்வேறு இடம். ஜாப் ஒர்க் செய்கிறவன் பையர் அனுப்பிய அளவுத் தாளைப் பார்ப்பான், எதற்கு ரிஜெக்ட் ஆகிறது என்று பார்ப்பான், துணி சுருங்கினால் யார் தலையில் விழுகிறது என்று பார்ப்பான். சில வருடத்தில் அவனும் ஐ.இ.சி. எடுப்பான். சொல்லிக்கொடுத்தவனுக்குக் கோபம் வருமா என்றால் வரும்தான். ஆனால் அடுத்த சீசனில் அவனுக்கும் இவன் மெஷின் தேவைப்படும்.

2011ல் உயர் நீதிமன்றம் நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்த விஷயத்தில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது இன்னும் நன்றாகத் தெரிந்தது. கழிவுநீரைச் சொட்டு வெளியே விடாமல் சுத்திகரிக்கும் நிலையத்தைத் தனியாளாக எத்தனை பேரால் கட்ட முடியும்? 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோதும், எந்த பையர் எவ்வளவு தள்ளுபடி கேட்கிறார் என்று போட்டிக்காரர்கள்தான் ஒருவருக்கொருவர் ஃபோன் பண்ணிக் கேட்டுக்கொண்டார்கள்.

உங்கள் தொழில் தெரியாதவர் நல்ல கேள்வி கேட்பார், சரி. ஆனால் உங்கள் சரக்கு எங்கே சொதப்பும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

பழைய ஃபாரெக்ஸ்

திருப்பூரில் ஆர்டர் ஊரை விடப் பெரியதாக இருந்தது, அதனால் பங்கு போட்டுக்கொண்டீர்கள். ஒரே பையர், ஒரே கன்டெய்னர் என்று இருக்கிற தொழிலிலும் அப்படி நடக்குமா? எனக்குச் சந்தேகம்தான். ஆனால் கடைசிக் கேள்வி நியாயமானது, அதற்கு என்னிடம் பதில் இல்லை. பித்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

நார்க்களம்

எல்லோருக்கும் நன்றி. திருப்பூர் அண்ணா கேட்டதுதான் எனக்கும் இப்போது பிரச்சினை. நெதர்லாந்து ஆள் ஈ.சி. 0.5க்குக் கீழே வேண்டும் என்கிறார். பித்தில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று காட்டும் மின்கடத்தும் அளவுதான் ஈ.சி., தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் களத்தில் மீட்டர் வைத்துப் பார்த்தால் 0.4 வருகிறது. மெர்ச்சன்ட் எக்ஸ்போர்ட்டரும் இதுவரை குறை சொன்னதில்லை. சாம்பிள் அனுப்பினேன், அவர்கள் லேபில் அதிகமாக வந்திருக்கிறது. கட்டி அதே கட்டி. பம்ப் முதலாளியிடம் இதைக் கேட்டால் என்ன சொல்வார்?

பொள்ளாச்சி சந்தை

தம்பி, நானும் நார்த் தொழில்தான், பக்கத்து ஊர். இத்தனை நாள் இந்தப் பேச்சைப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன், இதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் ஒரு பங்கு பித்துக்கு ஐந்து பங்கு தண்ணீர் ஊற்றி அளக்கிறீர்கள், சரியா? இங்கே நிறையப் பேர் அப்படித்தான் அளக்கிறோம். டச்சுக்காரர்கள் ஒன்றுக்கு ஒன்றரை பங்குதான் தண்ணீர் ஊற்றுவார்கள். தண்ணீர் குறைந்தால் அதே உப்பு அடர்த்தியாகத் தெரியும், எண் ஏறும். உங்கள் மீட்டரும் சரி, அவர்கள் லேபும் சரி. எந்த முறையில் 0.5 என்று முதலில் மெயில் போட்டுக் கேளுங்கள். ஒப்பந்தத்தில் எண்ணோடு முறையையும் எழுதுங்கள். இது இல்லாமல் கன்டெய்னர் ஏற்றினால் இருபத்து நாலு, இருபத்தைந்து டன் சரக்கு ராட்டர்டாமில் நின்றுகொண்டு பேரம் பேசும்.

அவர்கள் முறைப்படி 0.5 வேண்டும் என்றால் இன்னும் கழுவ வேண்டும். உங்கள் போர்வெல் தண்ணீரே உப்பாக இருந்தால் எத்தனை தடவை கழுவினாலும் ஒரு அளவுக்குக் கீழே இறங்காது. முதலில் தண்ணீரை அளந்து பாருங்கள். கழுவுகிற செலவு ஏறினால் உங்கள் அடக்க விலையும் மாறிவிடும், அதைத்தானே மறைக்கலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்!

பின்னல் தூசி

இதைத்தான் சொன்னேன்.

ஈரோடு மஞ்சள்

அண்ணா, விலையே கேட்காமல் சொல்லிட்டீங்களே. நார்க்களம், இப்படி ஒருத்தர் பக்கத்து ஊரிலேயே இருக்கும்போது கோவை எதற்கு?

பொள்ளாச்சி சந்தை

கோவைக்கும் போகட்டும். பணம் எப்படி வாங்குவது என்று எனக்கே இன்னும் பயம் உண்டு. நான் பாதி முன்பணம் இல்லாமல் அனுப்புவதில்லை, அதனால் பெரிய பையர் கிடைப்பதும் இல்லை. மதுரை ஐயா மாதிரி ஒருவர் என் எல்.சி.யைப் படித்துச் சொன்னால் எனக்கும் நல்லதுதான்.

பழைய ஃபாரெக்ஸ்

அனுப்புங்கள், பார்க்கிறேன். பெயர், தொகை, கணக்கு எண் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு 46ஏ, கூடுதல் நிபந்தனைகள் இருக்கும் 47ஏ இரண்டையும் மட்டும் அனுப்பினால் போதும். புது பையருக்குக் கடன் கொடுப்பதாக இருந்தால் இ.சி.ஜி.சி.யில் அந்தப் பையர் பெயருக்கு எவ்வளவு வரம்பு தருகிறார்கள் என்று விண்ணப்பித்துப் பாருங்கள். பையர் பணம் தராமல் போனால் ஈடு கட்டும் ஏற்றுமதிக் காப்பீடு தருகிற, 1957லிருந்து இருக்கிற அரசு நிறுவனம் அது. மிகக் குறைவாகத் தந்தால் அதுவே ஒரு செய்தி.

நார்க்களம்

சந்தை அண்ணா, ரொம்ப நன்றி. மெயில் போட்டுவிட்டேன், ஒன்றுக்கு ஒன்றரை முறைதானாம். கோவைக்கும் அடுத்த வாரம் போகிறேன். பணம், எல்.சி., இன்சூரன்ஸ் பேச பேங்க்காரரோடும் பம்ப் முதலாளியோடும் உட்காருவேன். நார்க்காரரிடம் தண்ணீர், ஈ.சி. பற்றி மட்டும் கேட்பேன், விலை வராது. அப்பாவும் கூட வருகிறார், காவலுக்கு!

இன்னொன்று. அந்த ஆள் விலையை ராட்டர்டாம் வரை சேர்த்துச் சொல்லச் சொல்கிறார். கூடவே, பித்தோடு கொஞ்சம் கம்போஸ்ட் கலந்து பையில் போட்டுத் தர முடியுமா என்றும் கேட்கிறார். விலை நன்றாக இருக்கிறது. செய்யலாமா?

துறைமுகத்துப் பையன்

இரண்டுக்கும் வேண்டாம்.

முதல் கன்டெய்னரில் கப்பல் கூலியை உங்கள் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள். இங்கிருந்து பெரும்பாலும் கொழும்பில் கப்பல் மாறித்தான் போகும். 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல் தொடங்கியபின் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனதில் கூலி எப்படி ஏறியது என்று சி.ஐ.எஃப். விலை (கப்பல் கூலி, இன்சூரன்ஸ் சேர்த்த விலை) சொன்னவர்களைக் கேளுங்கள். தூத்துக்குடி வரைக்கும் விலை சொல்லுங்கள், கப்பலை அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

கம்போஸ்ட் கலந்தால் ஐரோப்பாவில் உள்ளேயே விடமாட்டார்கள். சுத்தமான தேங்காய் நார், பித், அதுவும் ஏற்கெனவே செடி வளர்க்கப் பயன்படுத்தாதது என்றால்தான் அனுமதி. வேறு மட்கிய பொருள் கலந்தால் அது தடை செய்யப்பட்ட வளர்ப்பு ஊடகம் ஆகிவிடும். உங்கள் பையருக்கு இது தெரியாமல் இருக்காது, ஏன் கேட்கிறார் என்று பேங்க் சாரையும் யோசிக்கச் சொல்லுங்கள். மரப் பேலட் வைத்தால் வெப்பப் பதம் செய்த முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கன்டெய்னர் எடைச் சான்று இல்லாமல் கப்பலில் ஏறாது, அதற்கு எடைமேடை ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.